சொந்த மார்க்கப் வைத்த விக்கிக் குறிப்பேடு குலையும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

விக்கி வகைக் குறிப்பேட்டுச் செயலி எழுதுகிறவர்கள் ஒரு கட்டத்தில், எந்தக் குறிக்கு என்ன பொருள் என்பதை (அதாவது மார்க்கப்பை) பயனரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல முடிவுதான். தமிழில் குறிப்பெழுதுகிறவருக்கு அது பல நேரம் தேவையும்கூட. ஏன் என்பது கீழே விசைப்பலகைப் பகுதியில் வரும். ஆனால் அந்த வசதி வந்த கையோடு புகார்களும் வரத் தொடங்கும். குறிச்சொல் பாதியில் வெட்டுப்படுகிறது, இருக்கிற பக்கம் (இல்லாத பக்கத்தைக் காட்டும்) சிவப்பு இணைப்பாகத் தெரிகிறது, ஒரு விதி சேர்த்ததும் செயலி உறைந்துபோகிறது என்பார்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். பயனர் விதி குறியை மட்டும் சொல்கிறது. அது எங்கே திறக்கலாம், எங்கே மூடலாம், நடுவில் இருப்பதை மற்ற விதிகள் தொடலாமா என்ற மூன்றையும் சொல்வதில்லை. சொல்லாததைப் பார்சர் (உரையைப் படித்துக் குறிகளைப் பிரிக்கும் நிரல்) தானாக ஊகிக்கிறது. விதிக் கோப்பில் ஒரு விதி குறைந்தபட்சம் இப்படி இருக்க வேண்டும்:

```
பெயர்       = அழுத்தம்
நிலை        = வரி
திறப்பு      = ** 
மூடல்       = ** 
திறக்கும் இடம் = பின்னால் வெற்றிடம் இல்லாதபோது
மூடும் இடம்   = முன்னால் வெற்றிடம் இல்லாதபோது
உள்ளே       = வரி விதிகள்
வரிசை       = 50
```

'நிலை' என்பது பத்தி நிலையா, வரி நிலையா என்பது. தலைப்பு, பட்டியல், அட்டவணை, நிரல் கட்டம் ஆகியவை பத்தி நிலை. தடிமன், சாய்வு, இணைப்பு, குறிச்சொல் ஆகியவை வரி நிலை. பத்தி நிலையை முழுக்கப் பிரித்து முடித்த பிறகே வரி நிலைக்குள் நுழைய வேண்டும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் செய்கிற பார்சரை ஒட்டுப்போட்டுத் திருத்த முடியாது. அதை முதலில் இரண்டாகப் பிரியுங்கள்.

கீழே வரும் யூனிகோட் எண்கள் (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் உள்ள எண்கள்) எல்லாம் தசமத்தில் தரப்பட்டுள்ளன.

## எந்த அறிகுறிக்கும் முதலில்

1. குலைந்த பத்தியை மட்டும் வெட்டிப் புதுப் பக்கத்தில் ஒட்டுங்கள். அங்கே ஒழுங்காக வந்தால் பிழை அந்தப் பத்தியில் இல்லை. அதற்கு மேலே எங்கோ ஒரு குறி மூடாமல் கிடக்கிறது.
2. பயனர் விதிகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் பாதி, பாதியாக இயக்கிக்கொண்டே வாருங்கள். 32 விதிகள் இருந்தாலும் 5 சோதனையில் காரணமான விதி பிடிபடும். தனித்தனியாக எல்லாமே சரி, சேர்ந்தால்தான் தவறு என்றால் அது வரிசைச் சிக்கல். நேராக 'இணையமுகவரி' அறிகுறிக்குப் போங்கள்.
3. பார்சர் வெட்டிய துண்டுகளை வரிசையாகக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் விதியின் பெயர், தொடக்க இடம், முடிவிடம், எழுத்துகளின் யூனிகோட் எண்கள் நான்கும் வேண்டும். இந்த வசதி உங்கள் செயலியில் இல்லையென்றால் வேறெந்தத் திருத்தத்துக்கும் முன் இதை எழுதுங்கள். தமிழில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் உள்ளே வேறாக இருப்பது அடிக்கடி நடக்கும். எண்களைப் பார்க்காமல் அது பிடிபடாது.

## `#தமிழ்` என்று எழுதினால் `#தம` வரைதான் குறிச்சொல்லாகிறது

விதியில் 'சொல்லெழுத்து' என்பதற்கு உரையில் வடிவம் தேடும் குறிமொழியான ரெஜெக்ஸின் சுருக்கக் குறியீட்டை (பின்சாய்வும் சிறிய டபிள்யூவும்) போட்டிருப்பீர்கள். 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, இகரத் துணையெழுத்து, ழ, புள்ளி. பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் நூலகம் எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லெழுத்தாக ஏற்கிறது. துணையெழுத்தும் புள்ளியும் அதற்குச் சேர்குறிகள் (முந்தைய எழுத்தோடு ஒட்டுபவை), ஆகவே வெளியே. முழுச் சொல்லையும் தேடச் சொன்னால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு கொடுக்கும். ஜாவாஸ்கிரிப்டில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே அந்தச் சுருக்கம் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மூன்றுக்கு மட்டும்தான், `#தமிழ்` குறிச்சொல்லாகவே ஆகாது. பெர்லும் ரஸ்ட் மொழியின் ரெஜெக்ஸ் நூலகமும் சேர்குறிகளையும் சேர்த்துக்கொள்கின்றன. அதனால்தான் ஒரே விதி கணினியில் சரியாகவும் உலாவியில் தவறாகவும் வரும்.

தீர்வு: அந்தச் சுருக்கத்தை விதிக் கோப்பிலேயே தடை செய்யுங்கள். அதற்குப் பதில் யூனிகோட் வகைகளை வைத்து 'சொல்லெழுத்து' என்றொரு பெயரைச் செயலியே வரையறுக்கட்டும்: எழுத்து வகை, சேர்குறி வகை, எண் வகை, அடிக்கோடு ஆகியவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத 8204, 8205 என்ற இரண்டு இணைப்புக் குறிகள். ஜாவாஸ்கிரிப்டில் யூனிகோட் கொடியைச் சேர்த்தால்தான் வகைப் பெயர்கள் வேலை செய்யும்.

இதே பிழை எதிர்ப்பக்கமாகவும் கிளம்பும். சொல்லின் நடுவில் வரும் அடிக்கோடு சாய்வெழுத்தைத் திறக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பீர்கள்; ஆனாலும் `கோப்பு_பெயர்_பட்டியல்` என்பதில் 'பெயர்' சாய்ந்துவிடும். முதல் அடிக்கோட்டுக்கு முன் நிற்பது உகரத் துணையெழுத்து, இரண்டாவதற்கு முன் நிற்பது புள்ளி. பார்சர் இரண்டையும் எழுத்தல்ல என்று எண்ணி, சொல் முடிந்துவிட்டதாக முடிவு செய்கிறது. மேலே சொன்ன வரையறையே இதையும் தீர்க்கும்.

## பக்கம் இருக்கிறது, இணைப்பு சிவப்பாக வருகிறது

இந்த ஒரு அறிகுறிக்குப் பின்னால் நான்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. எண்களைப் பார்த்து எது என்று முடிவு செய்யுங்கள்.

முதல் காரணம், கொம்பும் காலும். 'கொற்கை' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் (3018) எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு எண்ணாகவும் (3014, 3006) எழுதலாம். முதல் வகையில் சொல் 6 குறி, இரண்டாவதில் 7. திரையில் வேறுபாடே தெரியாது. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். பழைய மேக் கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து கொண்டுவந்த குறிப்புகளில் இது நிச்சயம் இருக்கும். பக்கப் பெயரையும் இணைப்பில் உள்ள பெயரையும் ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோடின் சேர்த்த வடிவத்துக்கு (என்எஃப்சி) மாற்றிவிடுங்கள். பெரும்பாலான நிரல்மொழிகளில் இதற்கு ஆயத்தச் செயற்கூறு உண்டு; ஒரு வரி வேலை.

இரண்டாவது, என்எஃப்சி தீர்க்காதது. 'மௌனம்' என்பதை ஔகாரக் குறியோடு (3020) எழுதுகிறவர்களும் உண்டு, கொம்பும் ளகரமும் (3014, 2995) அடித்து 'மெளனம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. யூனிகோடுக்கு இவை இரண்டு வேறு சொற்கள். 'ஔவையார்', 'ஒளவையார்' நிலையும் அதுதான். இதைத் தேடி மாற்றித் தீர்க்கலாம் என்று இறங்கினால் 'தெளிவு', 'வெள்ளி' எல்லாம் சிதைந்துவிடும், ஏனெனில் அவற்றில் கொம்புக்குப் பின் வரும் ளகரம் உண்மையான ளகரம். ஆகவே உரையைத் தொடாதீர்கள். ஒப்பீட்டுக்கென்று தனியாக ஒரு திறவுச்சொல் உருவாக்கி, அதில் மட்டும் இரண்டையும் ஒன்றாக்குங்கள். பொருந்தினால் தானாக இணைக்காமல், 'இந்தப் பக்கத்தையா சொல்கிறீர்கள்?' என்று கேளுங்கள்.

ஸ்ரீரங்கம் பக்கத்துக்கு இணைப்புப் போட்டுச் சிவப்பாக வந்தால் காரணம் மூன்றாவது. 'ஸ்ரீ' என்பதை ஸகரத்தில் (3000) தொடங்கி எழுதலாம்; 2005இல் யூனிகோட் 4.1 சேர்த்த ஶகரத்தில் (2998) தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இதையும் ஒப்பீட்டுத் திறவுச்சொல்லில்தான் ஒன்றாக்க வேண்டும்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத குறிகள். இணையப் பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டிய பெயரில் 8204, 8205, 65279, வெற்றிடம் போலத் தோன்றும் 160 ஆகியவை ஒட்டிக்கொண்டு வரும். திறவுச்சொல்லில் முதல் மூன்றை நீக்குங்கள், 160ஐச் சாதாரண வெற்றிடமாக்குங்கள். காட்டும் உரையில் 8204ஐ நீக்காதீர்கள். க், ஷ இரண்டும் கூட்டெழுத்தாகச் சேராமல் தனித்தனியாகத் தெரிய அதை வேண்டுமென்றே போடுகிறவர்கள் உண்டு.

## வேற்றுமை உருபு சேர்த்தால் இணைப்பு உடைகிறது

`[[மதுரை]]யில்` என்று எழுதினால் 'மதுரை' மட்டும் நீலமாகவும் 'யில்' கறுப்பாகவும் வருகிறது என்பது லேசான புகார். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் இதற்கு 'இணைப்பு வால்' வைத்திருக்கிறது: மூடும் அடைப்புக்குப் பின் ஒட்டி வரும் எழுத்துகளும் இணைப்பின் உரையோடு சேர்ந்துவிடும். முன்னிருப்பாக அது ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்கு மட்டும். மற்ற மொழிகளுக்கு மொழிக் கோப்பில் தனியே அமைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் செயலியில் 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்த் தொகுதி முழுவதையும் வாலாக ஏற்கச் சொல்லுங்கள். `[[சென்னை]]க்கு`, `[[மதுரை]]யிலிருந்து` எல்லாம் முழுச் சொல்லாக நீலமாகும்.

கடினமான புகார் தஞ்சாவூரில் தொடங்குகிறது. 'தஞ்சாவூர்' என்பதோடு 'இல்' சேரும்போது புள்ளி போய், ரகரத்தின் மேல் இகரம் ஏறுகிறது. பயனர் புள்ளியை அழித்துவிட்டு `[[தஞ்சாவூர]]ில்` என்று எழுதிப் பார்ப்பார். இப்போது இரண்டு தவறு நடக்கிறது. 'தஞ்சாவூர' என்ற பக்கம் இல்லை. அடைப்புக்குறிக்குப் பின் அநாதையாக நிற்கும் துணையெழுத்தின் அடியில் புள்ளிவட்டம் ஒன்று தோன்றும். 'மரம்' 'மரத்தில்' ஆவது, 'வீடு' 'வீட்டில்' ஆவது போன்றவற்றுக்கு எந்த வாலும் உதவாது.

இங்கே சொல்லைப் பிரித்து வேர் காணும் நிரலைச் செருக ஆசை வரும். குறிப்பேட்டுக்கு அது வேண்டாம். 'ஆற்றில்' என்பதற்கு 'ஆறு' என்று வேர் கண்டாலும், அது நீர்நிலைப் பக்கமா, எண் பக்கமா என்று அதற்குத் தெரியாது. தவறான பக்கத்துக்கு ஓசையில்லாமல் இணைத்துவிடும். சிவப்பு இணைப்பை எழுதியவர் உடனே பார்த்துத் திருத்திவிடுவார். தவறான நீல இணைப்பு ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கும். பதிலாக ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'வேறு வடிவங்கள்' என்ற வரிக்கு இடம் கொடுங்கள்:

```
வேறு வடிவங்கள்: தஞ்சாவூரில், தஞ்சாவூருக்கு, தஞ்சையில், தஞ்சை
```

`[[தஞ்சாவூரில்]]` என்று எழுதினால் இந்தப் பட்டியலைப் பார்த்து வழிமாற்று நடக்கட்டும். சிவப்பு இணைப்பின் மேல் வலச்சொடுக்கு செய்தால் 'இந்த வடிவத்தை ஒரு பக்கத்தோடு சேர்' என்ற தேர்வு இருந்தால், பயன்பாட்டிலேயே பட்டியல் வளர்ந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் தேவைப்பட்டால் `[[தஞ்சாவூர்|தஞ்சாவூரில்]]` இருக்கவே இருக்கிறது.

இன்னொரு காவலும் வையுங்கள்: எந்த மூடும் குறிக்கு அடுத்து நிற்பதும் சேர்குறியாக இருந்தால் அங்கே மூட அனுமதிக்காமல் எச்சரிக்கை காட்டுங்கள். தடிமன் குறிக்கும் இது பொருந்தும்.

## தடித்த எழுத்து மூடாமல் நட்சத்திரங்கள் அப்படியே தெரிகின்றன

மார்க்டவுன் என்ற எளிய குறிமுறைக்கு 2014இல் வெளிவந்த காமன்மார்க் விதிமுறையை அப்படியே எடுத்துக்கொண்ட செயலிகளில் இது வரும். இரண்டையும் அடித்துப் பாருங்கள்:

```
**அறம்**என்றார்
**"அறம்"**என்றார்
```

முதலாவது தடிக்கும். இரண்டாவது தடிக்காது. மூடும் குறிக்கு முன் நிறுத்தற்குறி இருந்தால், அதற்குப் பின் வெற்றிடமோ இன்னொரு நிறுத்தற்குறியோ வந்தே ஆக வேண்டும் என்கிறது காமன்மார்க். இங்கே மேற்கோளுக்குப் பின் உடனே எகரம் வருகிறது. சொற்களுக்கு நடுவே எப்போதும் வெற்றிடம் விடும் மொழிகளில் இது தொல்லை தராது. மேற்கோளுக்கும் அடைப்புக்கும் பின் உருபு ஒட்டி வரும் தமிழில் தினமும் இடிக்கும். `**(சங்கம்)**இன்` என்பதும் இப்படித்தான் தோற்கும்.

உங்கள் சொந்தக் குறிமுறையில் இந்த நிபந்தனையை இரட்டைக் குறிகளுக்கு எடுத்துவிடுங்கள். `**`, `==`, `~~` போன்றவை சாதாரண உரையில் தற்செயலாக வருவது அரிது. திறப்புக்குப் பின் வெற்றிடம் இல்லை, மூடலுக்கு முன் வெற்றிடம் இல்லை என்ற இரண்டு நிபந்தனை போதும். ஒற்றைக் குறிக்கு (`*`, `_`) கடுமையான எல்லை வேண்டும், ஏனெனில் பெருக்கலிலும் கோப்புப் பெயரிலும் அவை வரும். பயனர் ஒற்றைக் குறியைத் தேர்ந்தெடுக்கும்போதே அமைப்புத் திரை அதைச் சொல்லிவிடட்டும்.

## ஓரிடத்திலிருந்து பக்கத்தின் கடைசிவரை எல்லாம் தடிமன்

வரி நிலைக் குறி வெற்று வரியைத் தாண்டக் கூடாது என்ற விதி இல்லை. அதைப் போடுங்கள். பத்தி முடியும்போது மூடாமல் இருக்கும் திறப்புகளை மூடிவிடக் கூடாது. வெறும் எழுத்தாக அப்படியே காட்ட வேண்டும். அப்போதுதான் எழுதியவருக்குத் தவறு எந்த இடத்தில் என்று தெரியும்.

பட்டியலுக்கும் தடிமனுக்கும் ஒரே `*` வைத்திருந்தாலும் இந்த அறிகுறி வரும். வரித் தொடக்கத்தில் `*`, அதன் பின் வெற்றிடம் என்றால் பட்டியல் என்று பத்தி நிலையிலேயே முடிவு செய்து, அந்த நட்சத்திரத்தைத் தின்றுவிட வேண்டும்.

இதன் உறவுக்காரப் பிழை: பத்தி நடுவில் மடங்கிய வரி `2004. அந்த ஆண்டில்` என்று தொடங்கினால் எண் பட்டியல் ஆகிவிடுவது. ஓடும் பத்தியை இடைமறிக்கும் எண் பட்டியல் 1இல்தான் தொடங்கலாம் என்ற காமன்மார்க் விதி இதற்கு நல்லது; அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

## இணையமுகவரி சாய்கிறது, நிரல் கட்டத்துக்குள் குறிகள் வேலை செய்கின்றன

சாய்வுக்கு `//` வைப்பது பழைய வழக்கம். டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருள் வைத்திருக்கிறது, விக்கிகளுக்கான பொதுமொழியாக 2007இல் வந்த கிரியோல் 1.0 விதிமுறையும் வைத்திருக்கிறது. எந்த இணையமுகவரியிலும் முக்காற்புள்ளிக்குப் பின் அதே `//` வருகிறது. ஒரு வரியில் இரண்டு முகவரி இருந்தால் நடுவில் இருப்பதெல்லாம் சாய்ந்துவிடும். முக்காற்புள்ளிக்குப் பின் வந்தால் திறக்காதே என்று ஒட்டுப்போடலாம். அது இந்த ஒரு மோதலை மட்டும் தீர்க்கும். பயனர் நாளை `--`, `__` என்று வைத்தால் முகவரிக்குள் இருக்கும் கோடுகள் அகப்படும்.

வேர் வரிசையில் இருக்கிறது. காக்கப்பட வேண்டியவை முதலில் பிடிக்கப்பட வேண்டும்: விலக்குக் குறி (அடுத்து வரும் குறியை வெறும் எழுத்தாக விடச் சொல்வது), நிரல் துண்டு, வெறும் முகவரி, இணைப்பு, அதன் பிறகே தடிமன், சாய்வு, பயனர் விதிகள். டோக்குவிக்கி ஒவ்வொரு விதிக்கும் எண் கேட்கிறது. சிறிய எண் முந்தும். பிஎம்விக்கி என்ற இன்னொரு விக்கி மென்பொருள் எண்ணுக்குப் பதில் 'இணைப்புக்கு முன்', 'இணைப்புக்குப் பின்' என்று `<`, `>` குறிகளால் சொல்ல விடுகிறது. இரண்டில் பிஎம்விக்கி வழியே பயனருக்கு நல்லது. வெளியிலிருந்து ஐந்து பேரின் விதிகளைச் சேர்க்கும்போது எண்கள் மோதும். 'எதற்கு முன்' என்பது மோதாது, மோதினாலும் வட்டச் சார்பு (ஒன்றுக்கொன்று முந்தச் சொல்லும் முரண்) என்று செயலியே கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

வரிசை சரியாக இருந்தும் பிழை தொடர்ந்தால், நீங்கள் தொடர் மாற்றீட்டு முறையில் இருக்கிறீர்கள் என்று பொருள்: முதல் விதி உருவாக்கிய எச்டிஎம்எல் மேலேயே இரண்டாவது விதி ஓடுகிறது. பிஎம்விக்கி இதற்காகவே ஒரு காப்புச் செயற்கூறு வைத்திருக்கிறது. முடிந்த துண்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அடையாளத்தைப் போடும், கடைசியில் திரும்ப வைக்கும். நீங்களும் அப்படிச் செய்தால் அடையாளத்தை `@@3@@` போல வைக்காதீர்கள். `@@` என்ற குறியை ஒரு பயனர் வைத்துக்கொண்டால் அன்றே உடையும். யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் 57344 போன்ற எண்ணை எடுத்துக்கொண்டு, உள்ளே வரும் உரையில் அது ஏற்கெனவே இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். புதிதாக எழுதுகிறவர்கள் மாற்றீட்டு வழியே போக வேண்டாம். இடமிருந்து வலம் ஒரே முறை படித்து மரமாக (ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கணுக்களாக) கட்டுங்கள்.

விலக்குக் குறியாகப் பின்சாய்வை வைத்தால், நிறுத்தற்குறிக்கு முன் வரும்போது மட்டும் அது வேலை செய்யட்டும். எழுத்துக்கு முன்னாலும் வேலை செய்தால் விண்டோஸ் கோப்புப் பாதைகள் எல்லாம் பின்சாய்வை இழந்து நிற்கும்.

## அட்டவணையில் இணைப்பு வைத்தால் ஒரு கட்டம் கூடுகிறது

```
| ஊர் | [[மதுரை|கூடல் நகர்]] |
```

இரண்டு கட்டம் வர வேண்டிய இடத்தில் மூன்று வரும், ஏனெனில் கட்டம் பிரிக்கும் வேலை பத்தி நிலையில் நடக்கிறது; அதற்கு இணைப்பு என்பது என்னவென்றே தெரியாது. அப்சிடியன் குறிப்பேட்டில் `\|` என்று பயனரே விலக்கி எழுத வேண்டியிருக்கிறது. கட்டம் பிரிக்கும்போது திறந்த அடைப்பு இணைகளை எண்ணிக்கொண்டு, எண்ணிக்கை பூச்சியமாக இருக்கும்போது மட்டும் வெட்டினால் இது தீரும். இன்னும் எளிய வழி, இணைப்புக்கு வேறு பிரிப்பானைத் தருவது. பிஎம்விக்கி `[[உரை->பக்கம்]]` என்பதையும் ஏற்கிறது.

## ஒரு விதி சேர்த்ததும் செயலி உறைகிறது

பயனர் ரெஜெக்ஸில் `==(.+)+==` போல ஒன்று இருக்கும். 'ஒன்றோ அதற்கு மேலோ' என்று சொல்லும் பெருக்கல் குறிக்குள் (`+`) இன்னொரு பெருக்கல் குறி. மூடல் இல்லாத வரியில் 30 எழுத்து இருந்தால், அவற்றைத் துண்டாக்கும் வழிகள் 53 கோடிக்கு மேல். பின்வாங்கித் தேடும் ரெஜெக்ஸ் ஒவ்வொன்றையும் முயன்று பார்க்கும். தமிழில் துணையெழுத்தும் புள்ளியும் தனித்தனி என்பதால் 30 குறி என்பது நான்கைந்து சொல்தான்.

அடுக்குப் பெருக்கல் இல்லாமலும் இது நடக்கும். 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. ஒரு பதிவில் ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்தன. வரிக்கடைசி வெற்றிடத்தை நீக்கும் எளிய ரெஜெக்ஸ் ஒவ்வொரு வெற்றிடத்திலிருந்தும் புதிதாகத் தொடங்கி ஏறத்தாழ 20 கோடி ஒப்பீடு செய்தது. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் சேவை நின்றதும் ஒரு ரெஜெக்ஸால்தான்.

இப்போதே செய்யக்கூடியது: செயலியைப் பாதுகாப்பு முறையில், பயனர் விதிகள் இல்லாமல் திறக்க ஒரு வழி வேண்டும். இல்லையென்றால் அந்த விதியை நீக்கவே முடியாது. பக்கத்தைத் திறந்தாலே உறையும். அடுத்து, பொருந்தும் நேரத்துக்கு வரம்பு. பத்திக்கு 50 மில்லிநொடி தாண்டினால் அந்த விதியை அணைத்துப் பெயரைக் காட்டுங்கள். நிரந்தரத் தீர்வு, பின்வாங்காத ரெஜெக்ஸ் இயந்திரம்: ஆர்இ2, ரஸ்ட்டின் ரெஜெக்ஸ் நூலகம் இரண்டும் உரை நீளத்துக்கு நேர்விகிதத்தில்தான் நேரம் எடுக்கும். பதிலுக்கு முன்னோக்கு, பின்நோக்கு வசதிகள் (முன்பின் நிற்கும் எழுத்தை எட்டிப் பார்ப்பவை) கிடைக்கா. அவை தேவைப்படுவதே எல்லை நிபந்தனைகளுக்காகத்தான். அவற்றைத் தொடக்கத்தில் காட்டிய விதிக் கட்டங்கள் பார்த்துக்கொள்ளும். பத்தில் ஒன்பது பயனருக்கு ரெஜெக்ஸே வேண்டியதில்லை. திறப்பு, மூடல் என்ற இரண்டு நேரடிச் சரங்களைக் கேளுங்கள், ரெஜெக்ஸை மேம்பட்ட பகுதியில் வையுங்கள்.

## குறி அடிக்கவே முடியவில்லை, அல்லது கணினியில் சரியாக இருப்பது கைப்பேசியில் மாறிவிடுகிறது

தமிழ்99 விசைப்பலகையில் `[` விசை சகரம், `]` விசை ஞகரம், `/` விசை ழகரம், `'` விசை யகரம். `[[` அடிக்கப் போனால் 'ச்ச' என்று விழும். விக்கி இணைப்பு, கிரியோல் சாய்வு, மீடியாவிக்கி தடிமன் மூன்றுமே நேரடியாக அடிக்க முடியாதவை. அடைப்புக்குறிகளை ஷிஃப்டோடு வேறிடத்தில் தேட வேண்டும்; அந்த இடமும் செயலிக்குச் செயலி மாறும். இல்லையென்றால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். குறியை மாற்றும் வசதி தமிழருக்கு ஏன் தேவை என்பதற்கு இதுவே போதுமான காரணம். எண் வரிசையில் இருப்பவை கைக்குச் சிக்கும்: இணைப்புக்கு `((மதுரை))`, தடிமனுக்கு `**`, தலைப்புக்கு `=`. முதல் விக்கியான விக்கிவிக்கிவெப் 1995இல் பக்கங்களை இணைத்ததுபோலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்த சொல்லைத் தானாக இணைப்பாக்கும் விதி தமிழில் பிறக்கவே வழியில்லை. அதை முன்னிருப்பில் அணைத்து வையுங்கள்.

கைப்பேசியில் சிக்கல் வேறு. `"` வளைந்து 8220, 8221 ஆகும்; `--` நீண்ட கோடாகும். விதிக்கு 'இணை வடிவங்கள்' என்றொரு கட்டம் கொடுத்து இவற்றையும் திறப்பாக ஏற்கச் செய்யுங்கள். பயனர் எழுதியதைக் கோப்பில் மாற்றிச் சேமிக்க வேண்டாம். பட்டியல் பட்டியலாகவில்லை என்றால் `*` பின்னால் நிற்பது 160 என்ற வெற்றிடமா என்று முதலில் பாருங்கள்.

## தலைப்பு இணைப்புகள் வேலை செய்யவில்லை, நீண்ட பெயருள்ள பக்கம் ஒத்திசையவில்லை

தலைப்பிலிருந்து நங்கூரப் பெயர் (பக்கத்தின் நடுவிலுள்ள தலைப்புக்கு நேராக இணைக்க உதவுவது) உருவாக்கும் செயற்கூறு ஆங்கிலம் அல்லாததை எல்லாம் நீக்கினால், தமிழ்த் தலைப்பு முழுக்க மறைந்து `#-1`, `#-2` மிஞ்சும். நடுவில் ஒரு தலைப்பு சேர்த்ததும் எல்லா இணைப்பும் இடம் மாறும். 'சொல்லெழுத்து' வரையறையை இங்கும் பயன்படுத்துங்கள்.

யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். லினக்ஸில் கோப்புப் பெயரின் உச்சம் 255 பைட், ஆக 85 குறி. விண்டோஸில் எல்லை 255 குறி. விண்டோஸில் பிறந்த 100 குறிப் பெயர் லினக்ஸ் சேவையகத்தில் எழுதப்படாது. பெயரை 70 குறியோடு நிறுத்துங்கள். வெட்டும்போது சேர்குறிக்கு முன் வெட்டாதீர்கள்.

## குறியை மாற்றியதும் பழைய குறிப்புகள் குலைந்தன

தேடி மாற்றும் வேலையில் இறங்காதீர்கள். `[[` என்பதை எல்லாம் `((` ஆக்கினால் நிரல் கட்டத்துக்குள் இருக்கும் `[[` உம் மாறும், ஏற்கெனவே உரையில் இருந்த இரட்டை அடைப்பு திடீரென இணைப்பாகும். செய்ய வேண்டிய முறை:

1. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் `குறிமுறை: 1` என்று பதிப்பெண் இருக்கட்டும். எண் இல்லாத பக்கம் 1 என்று கொள்க.
2. பழைய விதிகளால் பக்கத்தை மரமாக்கி, அந்த மரத்தைப் புது விதிகளால் எழுதுங்கள். வெற்று உரையில் புதுக் குறி தற்செயலாக இருந்தால் எழுதும்போதே விலக்குக் குறி சேருங்கள்.
3. எழுதியதைப் புது விதிகளால் மீண்டும் மரமாக்கி, பழைய மரத்தோடு ஒப்பிடுங்கள். கணுவுக்குக் கணு ஒத்தால் மட்டும் சேமியுங்கள், பதிப்பெண்ணை 2 ஆக்குங்கள்.
4. ஒவ்வாத பக்கத்தைத் தொடாமல் பதிப்பு 1 ஆகவே விட்டு, பெயரைப் பட்டியலிடுங்கள். பழைய விதிக் கோப்பு செயலியோடு இருக்கும்வரை அந்தப் பக்கம் முன்போலவே திறக்கும். பயனர் ஆற அமரக் கையால் திருத்தலாம்.

மூன்றாவது படி தோற்கும் பக்கங்களில் பெரும்பாலும் இருப்பது, பயனர் மூடாமல் விட்ட குறியோ ஒன்றுக்குள் ஒன்று குறுக்காக மூடிய குறிகளோதான் (`**தடிமன் ~~இரண்டும்** அடித்தல்~~`). இதற்கு மரத்தில் ஒரே வடிவம் கிடையாது. எது முதலில் மூடுகிறதோ அது வெல்லும், மற்றது வெறும் எழுத்து என்று விதிக் கோப்பின் தலையிலேயே எழுதி வைத்துவிட்டால், பழைய பார்சரும் புதிய பார்சரும் ஒரே முடிவுக்கு வரும்.